மேட்டிங் விக்கெட்டில் வளர்ந்தவர்களுக்கு மும்பை மழை கிரிக்கெட்

மழைக்காலத்தில் வேண்டுமென்றே கிரிக்கெட் லீக் நடத்தும் ஊர் மும்பை. தூறல் விழுந்தாலே ஆட்டத்தைத் தள்ளிவைக்கிற ஊர்களில் ஆடிப் பழகிய நமக்கு இது சட்டென்று பிடிபடாது. ஜூலையில் தொடங்கி செப்டம்பர் வரை, வானம் பொத்துக்கொண்டு ஊற்றுகிற அதே மாதங்களில், ஞாயிற்றுக்கிழமைகளில் காங்கா லீக் நடக்கும். டாக்டர் ஹெச். டி. காங்கா என்ற பார்சி கிரிக்கெட் வீரரின் நினைவாக 1948இல் ஆரம்பித்தது. கவாஸ்கரும் டெண்டுல்கரும் ஆடிய லீக் இது. பிட்ச்சை மூட மாட்டார்கள். நனைந்தால் நனைந்ததுதான், மழை விட்டதும் தேங்கிய தண்ணீரை வடித்துவிட்டு ஆட வேண்டியதுதான். திருநெல்வேலியிலிருந்து வேலைக்காக இங்கே வந்து, சயானில் வீடு பிடித்து, ஒரு சின்ன கிளப்பில் சேர்ந்து கீழ் டிவிஷனில் ஆடிக்கொண்டிருக்கிறேன். இனி வரப்போகும் நம்ம ஊர்ப் பையன்களுக்கு உதவட்டும் என்று இதை எழுதுகிறேன்.

முதலில் நாம் எங்கிருந்து வருகிறோம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். திருநெல்வேலி சங்கர் நகரில் டிஎன்பிஎல் ஆட்டங்கள் நடக்கிற அருமையான புல்தரை மைதானம் இருக்கிறது, ஆனால் டிவிஷன் ஆட்டங்களில் எனக்குக் கிடைத்ததெல்லாம் பெரும்பாலும் மேட்டிங் விக்கெட்தான், அதாவது மேட் என்கிற பாயை விரித்து அதன்மேல் ஆடுகிற பிட்ச். காலையில் முதல் வேலை மேட்டைத் தூக்கிவந்து விரித்து, இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று சுருக்கம் இல்லாமல் இழுத்துப் பிடித்து ஆணி அடிப்பது. அந்த மேட்டில் பந்து நன்றாக எழும்பும், எழும்புகிற உயரமும் அவ்வளவாக மாறாது. ஒரு பந்து இடுப்புக்கு வந்தால் அதே இடத்தில் குத்துகிற அடுத்த பந்தும் இடுப்புக்குத்தான் வரும். அதனால்தான் நம் ஆட்கள் பேக் ஃபுட்டில் கெட்டி. கட், புல் இரண்டையும் யாரும் சொல்லிக்கொடுக்காமலே கற்றுக்கொண்டு விடுகிறோம். ஜூன், ஜூலையில் நமக்கு மழையைவிடக் காற்றுதான் பெரிசு, காற்றுக்கு எந்த முனையிலிருந்து போடுவது என்பதுதான் பவுலர்களின் கவலையாக இருக்கும். பெருமழை ஐப்பசி, கார்த்திகையில்தான், அப்போது மைதானத்துப் பக்கமே யாரும் போவதில்லை.

இங்கே ஜூன் முதல் செப்டம்பருக்குள் 2,000 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டிவிடுகிறது. அந்த மழை குடித்த களிமண் தரைதான் பிட்ச். அடுத்தடுத்து ஒரே இடத்தில் குத்துகிற இரண்டு பந்தில் ஒன்று கணுக்காலுக்குச் சறுக்கும், மற்றது நின்று யோசித்துவிட்டு மார்புக்கு எழும்பும்.

ஆட்டத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் ஷூவைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஆட்கள் கொண்டுவருகிற சாமான்களில் இங்கே உதவாத முதல் சாமான் அதுதான். மேட்டில் இரும்பு ஸ்பைக்ஸ் போட்டு ஓடினால் மேட் கிழிந்துவிடும் என்று ரப்பர் அடி ஷூதான் போட விடுவார்கள், நாமும் அதையே வைத்திருப்போம். மும்பை மழையில் ரப்பர் அடியோடு பந்து போட ஓடிவந்தால் முன்னங்கால் ஊன்றும்போது வழுக்கும், முட்டி திரும்பிக்கொள்ளும். ஊரிலிருந்து கிளம்புகிறவர்கள் புது மட்டைக்குப் பணம் சேர்க்கிறார்கள், அந்தப் பணத்தில் முதலில் நல்ல இரும்பு ஸ்பைக்ஸ் ஷூ ஒன்று வாங்குங்கள். ஸ்பைக்குகளைக் கழற்றி மாட்டுகிற சின்னச் சாவியையும் பையில் போட்டுவையுங்கள், சேறு அடைத்துக்கொண்டு துருப்பிடித்தால் அப்புறம் கழற்றவே வராது. இன்னிங்ஸ் இடைவெளியில் ஒரு குச்சியை வைத்து அடியிலிருக்கும் சேற்றைச் சுரண்டி எடுங்கள். சேறு அப்பிய ஸ்பைக்ஸும் ரப்பர் அடியும் ஒன்றுதான்.

சரி, பிட்ச். நன்றாக ஊறிப்போன பிட்ச்தான் ஆபத்து என்று வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் நினைப்பார்கள். ஆடிப் பார்த்தால் அது அப்படியில்லை. முழுக்க ஊறியிருக்கும்போது பந்து மெதுவாக, தாழ்வாக வரும். ரன் வராது, ஆனால் நின்றுவிடலாம். பயப்பட வேண்டியது மழை விட்டு வெயில் எட்டிப்பார்த்து, மேல்தோல் மட்டும் காய ஆரம்பிக்கிற அந்த நேரத்துக்குத்தான். பந்து தரையைப் பிடித்துக்கொண்டு எழும்பும், திரும்பும், திடீரென்று நிற்கும். வேகமாகப் போடுகிறவரைவிட, வேகத்தைக் குறைத்துக் கட்டர் (தரையில் குத்தியதும் திசை மாறுகிற பந்து) போடுகிற மீடியம் பேஸர் அந்த நேரத்தில் கொன்றுவிடுவார். எங்கள் அணியில் மூத்தவர் ஒருவர் இருக்கிறார், அப்பா காலத்திலேயே பாளையங்கோட்டையிலிருந்து தாராவிக்கு வந்த குடும்பம், பிறந்ததே இங்கேதான். நான் பேட் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "தம்பி, வெயில் வந்துட்டுன்னு சந்தோஷப்படாதீங்க. வெயில் வந்தா அரை மணி நேரம் ஒண்ணும் பண்ணாம நில்லுங்க. மேகம் மூடுனதும் அடிச்சிக்கலாம்." அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவேன், கேப்டனைவிட அவர் பேச்சைத்தான் அதிகம் கேட்பேன்.

அந்த அரை மணி நேரத்தை எப்படி ஓட்டுவது? பந்தைத் தேடிப் போகாமல் கண்ணுக்குக் கீழே வரும்வரை விட்டு ஆடுவதுதான் வழி. மேட்டில் நாம் மட்டைப் பிடியை இறுக்கி, எழும்பி வருகிற பந்தை அடித்துத் தள்ளிவிடுவோம். இங்கே அப்படி ஆடினால் பந்து நின்று வருவதால் மட்டை முந்திக்கொள்ளும், கவரிலோ மிட் ஆஃபிலோ லட்டு மாதிரி கேட்ச். கீழ்க் கைப் பிடியைத் தளர்த்தி, ஒன்று முழுக்க முன்னே போய் பந்து குத்துகிற இடத்திலேயே அணைக்க வேண்டும், இல்லையென்றால் ஸ்டம்ப் வரை பின்னே போய் அது என்ன செய்கிறது என்று பார்த்து ஆட வேண்டும். நடுவில் நிற்பதுதான் மேட்டிங் பழக்கம், அதை விட்டொழிக்கக் கொஞ்ச காலம் பிடிக்கும். வீட்டுப் பக்கத்துச் சந்தில் டென்னிஸ் பந்தைத் தண்ணீரில் நனைத்து, ஈரத் தரையில் போடச்சொல்லி ஆடிப் பழகினேன், அது உண்மையிலேயே உதவியது.

இதைவிட எனக்கு ஆச்சரியமாக இருந்தது அவுட்ஃபீல்ட். மழைக்காலத்தில் புல் வளர்ந்துகொண்டே இருக்கும், வெட்டவும் முடியாது, உருளை போடவும் முடியாது. மட்டையின் நடுவில் பட்டு, தரையோடு போன அருமையான கவர் டிரைவ் இருபது அடியில் புல்லில் சிக்கி நின்றுவிடும். சின்ன வயதிலிருந்து நமக்கு எந்தக் கோச்சும் முதலில் சொல்லுவது, பந்தைக் கீழே வைத்து ஆடு என்பதுதானே. காங்கா லீக்கில் கீழே வைத்து ஆடினால் நாள் முழுக்க நின்றாலும் ஸ்கோர் நகராது. அதனால் இங்கே கணக்குப்போட்டுத் தூக்குகிறார்கள். சிக்ஸருக்கு அல்ல. உள்வட்ட ஃபீல்டரின் தலைக்கு மேலே, வெளியே நிற்கிறவருக்கு முன்னே, அந்த இடைவெளியில் விழுகிற மாதிரி ஒரு தட்டு. பந்து விழுந்த இடத்திலேயே புதைந்து நிற்கும், ஃபீல்டர் புல்லுக்குள் தேடி எடுப்பதற்குள் இரண்டு ரன் ஓடிவிடலாம். பவுண்டரியே இல்லாமல் நாற்பது ரன் எடுக்கிற ஆளைப் பார்த்தால் பத்திரமாகக் கவனியுங்கள், அவரிடம் கற்றுக்கொள்ள நிறைய இருக்கும்.

அந்த இரண்டு ரன்னை ஓடுவதற்கும் ஒரு முறை இருக்கிறது. கிரீஸை நோக்கி மட்டையின் முகத்தைத் தரையில் தேய்த்துக்கொண்டு வந்தால் நுனி சேற்றில் குத்தி நின்றுவிடும், மட்டை நிற்கும், நாம் மட்டும் போய்க்கொண்டிருப்போம். மட்டையைத் திருப்பி விளிம்பால் தேய்க்க வேண்டும். பிட்ச்சுக்கு நடுவில் திரும்பவே கூடாது, ஓரத்துப் புல்லில் திரும்ப வேண்டும். 'யெஸ், நோ, வெயிட்' மூன்றையும் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள், மராத்தி, இந்தி, தமிழ் மூன்றும் ஒரே ஓவரில் கலந்தால் ரன் அவுட் நிச்சயம்.

ஆனால் பாருங்கள், இதே ஊரில் குடியிருப்பு வளாகத்துக்குள் பையன்கள் ஆடுகிற கிரிக்கெட் இதற்கு நேர் எதிர். இரண்டு கட்டடத்துக்கு நடுவில் கார்கள் நிற்கிற சந்தில் ஓடிவந்து பந்துபோட இடமில்லாததால் அண்டர்ஆர்ம்தான். பந்து நேராக ஜன்னலில் பட்டால் அவுட், முதல் மாடிக்குப் போனால் அவுட், ஒரு குத்து குத்தி ஒரு கையில் பிடித்தாலும் அவுட். நம்ம பக்கம் தண்ணீர் வற்றிய குளத்துக்குள் ஸ்டம்பர் பந்தில் ஆடுகிறவன் எவ்வளவு தூரம் அடிக்கிறான் என்பதுதான் பேச்சு. இங்கே எட்டு வயதுப் பையன் இரண்டு டயருக்கு நடுவே தரையோடு பந்தைத் திருப்பிவிடுகிறான். மணிக்கட்டை அப்படித் திருப்ப நாம் பெரியவர்களாகித்தான் கற்றுக்கொள்கிறோம். எங்கள் வளாகத்துப் பையன்கள் கூப்பிட்டால் நான் போய்விடுவேன். அண்டர்ஆர்ம்தானே என்று நினைக்காதீர்கள். வேகமில்லாத பந்தைக் கடைசி நொடியில் ஆடுவதற்கு அதைவிட நல்ல பயிற்சி எனக்கு இங்கே கிடைக்கவில்லை.

இடம். மும்பை கிரிக்கெட்டில் எதைத் தொட்டாலும் அதில்தான் வந்து நிற்கும். சிஎஸ்எம்டி ரயில் நிலையத்துக்கு எதிரே ஆசாத் மைதானத்தில் 22 பிட்ச் என்று கணக்குச் சொல்லுவார்கள், ஒரே நேரத்தில் பல ஆட்டம் நடக்கும், ஒரு ஆட்டத்தின் பவுண்டரி இன்னொரு ஆட்டத்தின் பிட்ச்சைத் தாண்டிப் போகும். உங்கள் கவர் ஃபீல்டரும் பக்கத்து ஆட்டத்தின் ஸ்கொயர் லெக்கும் முதுகோடு முதுகு நிற்பார்கள். நம்மூரில் ஒரு மைதானம், ஒரு ஆட்டம், சுற்றிலும் வேலிக்கருவை. இங்கே முதலில் தலை சுற்றும். நான் புரிந்துகொண்ட வரையில் நடைமுறை இதுதான்: உங்கள் பேட்ஸ்மேனை மட்டும் பாருங்கள், ஆனால் காதைத் திறந்து வையுங்கள். பின்னால் யாராவது கத்தினால் திரும்பிப் பார்க்காமல் குனிந்து தலையைக் கையால் மூடுங்கள், திரும்பினால் முகத்தில் வாங்குவீர்கள். பக்கத்து ஆட்டத்துப் பந்து உருண்டு வந்தால், அவர்களின் ஃபீல்டர் துரத்திக்கொண்டு வருகிறாரா என்று பார்க்காமல் தடுக்காதீர்கள், அவர்கள் நான்கு ரன்னா இரண்டா என்று சண்டை போடுவது உங்களால்தான் என்றாகிவிடும். ஓவல் மைதானத்தில் நடுவே நடைபாதை போகிறது, குடை பிடித்துக்கொண்டு ஆட்கள் போய்க்கொண்டே இருப்பார்கள். அவர்கள் தாண்டும்வரை பவுலர் ஓடிவராமல் நிற்பார், அதில் யாருக்கும் எரிச்சல் கிடையாது.

இவ்வளவு நெருக்கத்தில் ஒரு பேட்ஸ்மேனுக்குக் கிடைக்கிற வாய்ப்பு கொஞ்சம்தான். வலையில் பத்துப் பந்து ஆடக் காத்திருக்கிற வரிசை நீளம். அதனால் கிடைத்த இன்னிங்ஸை விடுவதே இல்லை என்ற குணம் இங்கே பள்ளிக்கூடத்திலேயே ஊறிவிடுகிறது. 1988இல் ஹாரிஸ் ஷீல்டு பள்ளி ஆட்டத்தில் டெண்டுல்கரும் காம்ப்ளியும் சேர்ந்து ஆட்டமிழக்காமல் 664 ரன் எடுத்தது இதே ஆசாத் மைதானத்தில்தான். அவர்களின் குரு அச்ரேகர் சிவாஜி பார்க்கில் ஸ்டம்ப் மேல் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து, டெண்டுல்கரை அவுட் ஆக்குகிறவனுக்கு அது, அவுட் ஆகவில்லை என்றால் டெண்டுல்கருக்கு அது என்று பந்தயம் வைத்த கதை ஊருக்கே தெரியும். இந்திய அணிக்கு ஆடிய ஜெய்ஸ்வால் ஆசாத் மைதானத்தில் கூடாரத்தில் தங்கி ஆடிக்கொண்டிருந்தவர். இதையெல்லாம் படித்தபோது எனக்குப் பெரிய ஆட்களின் கதையாகத்தான் தெரிந்தது. கீழ் டிவிஷனில் ஆடியபோதுதான், பதினோராவது ஆளாக இறங்குகிற ஐம்பது வயதுக்காரர்கூடத் தன் விக்கெட்டுக்கு என்ன மரியாதை கொடுக்கிறார் என்று நேரில் பார்த்தேன்.

2024இல் மாநில அணிகள் மோதுகிற ரஞ்சிக் கோப்பையில் இது எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. காலிறுதியில் பரோடாவுக்கு எதிராக மும்பையின் 10ஆம், 11ஆம் ஆட்டக்காரர்கள் தனுஷ் கோட்டியானும் துஷார் தேஷ்பாண்டேவும் ஆளுக்கொரு சதம். அடுத்து அரையிறுதியில் நம் தமிழ்நாடு. பாந்த்ரா குர்லா வளாகத்து மைதானத்தில் நடந்த ஆட்டம். 146க்கு நாம் சுருண்டாலும், சாய் கிஷோர் விக்கெட் மேல் விக்கெட்டாக எடுத்து மும்பையை 106க்கு 7 என்று உட்காரவைத்தபோது நான் அலுவலகத்தில் ஃபோனைப் பார்த்துக்கொண்டு குதித்தேன். பக்கத்து மேசை மராத்திக்கார நண்பர் ஒரு வார்த்தைகூட பேசவில்லை, இன்னும் மூன்று விக்கெட் இருக்கிறது என்று விரலைக் காட்டினார். ஷர்துல் தாக்கூர் 109, கோட்டியான் 89 நாட் அவுட், மும்பை 378. இன்னிங்ஸ் மற்றும் 70 ரன்னில் தோற்றோம். அந்த வருஷம் அவர்கள் வாங்கியது 42ஆவது ரஞ்சிக் கோப்பை. நம்மிடம் இருப்பது 1954-55, 1987-88 என்று இரண்டு. திறமையில் நம் பையன்கள் குறைந்தவர்கள் என்று நான் ஒருநாளும் ஒப்புக்கொள்ள மாட்டேன், சாய் கிஷோர் மாதிரி ஒரு ஸ்பின்னர் அவர்களிடம் இருந்திருந்தால் தலையில் வைத்து ஆடியிருப்பார்கள். ஆனால் எட்டாவது ஆளுக்கும் பத்தாவது ஆளுக்கும் பேட்டிங் பயிற்சி கொடுக்கிற வழக்கம் நம்ம மாவட்ட கிளப்புகளில் வர வேண்டும். நான் ஊரில் ஆடிய காலத்தில் பவுலர் வலையில் மட்டை பிடித்து ஒருநாள்கூட நான் பார்த்ததில்லை.

இனி ஞாயிற்றுக்கிழமை மைதானத்துக்குப் போய்ச்சேருகிற விஷயம். லோக்கல் ரயிலில் ஞாயிறுதோறும் பராமரிப்புக்காக மெகா பிளாக் இருக்கும், அதாவது சில பாதைகளில் சில மணி நேரம் ரயில் ஓடாது, எந்தப் பாதையில் எந்த நேரத்தில் என்று முந்தைய நாளே அறிவித்துவிடுவார்கள். காலை ஆட்டத்துக்குப் போகும்போது பெரிதாகத் தெரியாது, மழையில் ஆட்டம் மதியமே கைவிடப்பட்டால் திரும்பும்போது மாட்டிக்கொள்வோம். கிட் பையோடு லக்கேஜ் பெட்டியில் ஏறுவதுதான் நல்லது. அப்புறம் கடல் ஏற்றம். மாநகராட்சி மழைக்காலத்துக்கு முன்பே எந்தெந்த நாளில் அலை 4.5 மீட்டருக்கு மேல் எழும்பும் என்று பட்டியல் வெளியிடும். அந்த நேரத்தில் பெருமழையும் சேர்ந்தால் வடிகால் தண்ணீர் கடலுக்குள் போக வழியில்லாமல் தெருவிலேயே நிற்கும், ஹிந்த்மாதா, கிங்ஸ் சர்க்கிள், சயான், குர்லா பக்கமெல்லாம் முழங்கால் அளவு ஏறிவிடும். எங்கள் அணியில் அந்தப் பட்டியலை எல்லோரும் ஃபோனில் வைத்திருக்கிறோம்.

அந்தத் தண்ணீரில் நடப்பதில் இன்னொரு ஆபத்து எலிக்காய்ச்சல். எலி, நாய், மாடு இவற்றின் சிறுநீர் கலந்த தண்ணீர் காலில் இருக்கும் சின்னக் காயம் வழியாகக்கூட உடம்புக்குள் கிருமியை ஏற்றிவிடும். ஃபீல்டிங்கில் முட்டி சிராய்த்திருக்கும், ஸ்பைக்ஸ் கீறியிருக்கும், அதோடு வெள்ளத்தில் இறங்கி வீட்டுக்கு நடந்தால் வேறென்ன வேண்டும். காயத்தைக் கழுவி நீர் புகாத பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு கிளம்புங்கள். தேங்கிய தண்ணீரில் நடந்திருந்தால் காய்ச்சல் வரட்டும் என்று காத்திருக்காமல் 72 மணி நேரத்துக்குள் டாக்டரைப் பாருங்கள், தடுப்பு மாத்திரை தேவையா என்று அவர் சொல்லுவார். மாநகராட்சியே வருஷாவருஷம் இதைச் சொல்கிறது. நம் பையன்கள் ஒரே அறையில் நாலு பேராகத் தங்கியிருப்பார்கள், காய்ச்சல் என்றால் ஒரு மாத்திரை போட்டுப் படுத்துவிடுவார்கள், அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

மட்டை: நுனி வழியாகத்தான் தண்ணீர் ஏறும், ஏறினால் மரம் உப்பி வெடிக்கும். ரப்பர் டோ கார்டு ஒட்டுங்கள். ஆட்டம் முடிந்ததும் துடைத்து, காற்றாடுகிற இடத்தில் வையுங்கள், வெயிலிலோ அடுப்புப் பக்கத்திலோ வைத்துக் காயவிடாதீர்கள். நல்ல மட்டையை அக்டோபர்வரை வீட்டிலேயே விட்டுவிட்டுப் பழசை எடுத்துப் போகிறவர்கள்தான் இங்கே அதிகம். பேடுக்குள்ளும் ஷூவுக்குள்ளும் பழைய செய்தித்தாளைச் சுருட்டித் திணித்தால் காலைக்குள் ஈரம் இறங்கிவிடும். பவுலர்கள் இடுப்பில் ஒரு துண்டு, பையில் இரண்டு.

அக்டோபரில் மழை நின்றதும் மைதானமே மாறிவிடும். புல்லை வெட்டி, ரோலர் ஓட்டி, பிட்ச் கெட்டியாகி பந்து எழும்ப ஆரம்பிக்கும். அப்போது நம் மேட்டிங் ஆட்டத்தை மறுபடி வெளியே எடுக்கலாம், நம்ம கட் ஷாட்டை இங்கே நின்று பார்ப்பார்கள். கிளப்பில் சேர நினைப்பவர்கள் மழை தொடங்கிய பிறகு வந்து கேட்காதீர்கள். எங்கள் கிளப்பில் ஆள் சேர்க்கிற பேச்சு மே மாதத்திலேயே முடிந்துவிடும். ஏப்ரலில் ஏதாவது ஒரு மைதானத்துக்குச் சாயங்காலம் போய், வலைப்பயிற்சி நடக்கிற இடத்தில் நின்று, பந்து பொறுக்கிப் போடவா என்று கேளுங்கள். பந்து போடத் தெரியும் என்றால் பத்து நிமிஷத்தில் கையில் பந்தைக் கொடுத்துவிடுவார்கள்.